தாமிரத்துக்கும் ஒரு பற்று வரவு வேண்டும்

நம்ம கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "இதை அடிக்கலாமா, இதுக்கு அனுமதி இருக்கா?" போர்டோ கலவைக்கும் ஜிப்சத்துக்கும் துத்தநாக சல்பேட்டுக்கும் இதே கேள்விதான். அனுமதி இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். எத்தனை கிலோ, எத்தனை வருஷமாக, இதுவரை மண்ணில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் பேரேடு பார்த்தவன் நான். ஒரு கணக்கில் வரவு மட்டும் ஏறிக்கொண்டே போய், பற்று என்று ஒன்றுமே இல்லாவிட்டால் அங்கே நின்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழில் புத்தி. நம்ம மண்ணில் தாமிரம் அப்படிப்பட்ட ஒரு கணக்கு. வேப்பெண்ணெய் அடித்தால் சில நாளில் சிதைந்துவிடும். தாமிரம் ஒரு தனிமம், அது சிதையாது. ஒரு போக விளைச்சல் வெளியே எடுத்துப்போகும் தாமிரமும் கிராம் கணக்கில்தான். மீதி எல்லாம் அப்படியே மண்ணில் கிடக்கும்.

இது ஏன் கவலைப்பட வேண்டிய விஷயம் என்பதைப் புரிந்துகொள்ள, செடியின் செல்லுக்கு வெளியே இருக்கும் மெல்லிய கொழுப்புச் சவ்வைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பூஞ்சையை தாமிரம் எப்படிக் கொல்கிறது, தக்காளியின் அடி ஏன் அழுகுகிறது, களர் மண்ணில் பயிர் ஏன் தவிக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் பதிலில் பெரும் பங்கு அந்தச் சவ்வில்தான் இருக்கிறது.

செல்லைச் சுற்றி ஒரு வரப்பு

பயிரின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. அதன் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். சாதாரண நோட்டுத் தாள் ஒன்றின் கனத்துக்கு வர இந்தச் சவ்வை இருபதாயிரம் அடுக்கு அடுக்க வேண்டும். அது இரண்டு வரிசையாக நின்ற கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது என்பதை 1925-இல் ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கார்ட்டர், கிரெண்டல் இருவரும் சொன்னார்கள். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தண்ணீரை விரும்பும் தலை ஒன்றும், தண்ணீரை ஒதுக்கும் எண்ணெய் வால் இரண்டும் உண்டு. வால்கள் உள்பக்கமும் தலைகள் வெளிப்பக்கமுமாக நிற்கும்.

நம்ம வயல் வரப்பு மாதிரிதான் இது. தண்ணீர் எங்கே வர வேண்டுமோ அங்கே மடை வைத்திருப்போம், மற்ற இடத்தில் வரப்பு தடுக்கும். சவ்விலும் புரதங்களால் ஆன மடைகள் இருக்கின்றன. பொட்டாசியம், சர்க்கரை, அமினோ அமிலம் எல்லாம் அந்த மடைகள் வழியாகத்தான் போய்வர வேண்டும். வரப்பு பொத்தலானால் உள்ளே இருப்பது கசிந்து ஓடிவிடும். வாடுவது, கருகுவது, அழுகுவது என்று நாம் கண்ணால் பார்ப்பதில் சில இந்தக் கசிவில் தொடங்குவதுதான்.

சவ்வு கல் மாதிரி இறுகியதும் அல்ல, தண்ணீர் மாதிரி ஓடுவதும் அல்ல. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்கும், பக்கத்தில் இருக்கும் கடலை எண்ணெய் உறையாது. கொழுப்பின் வகையைப் பொறுத்து உறையும் சூடு மாறும். சவ்வில் இருப்பது வேறு வகைக் கொழுப்புதான் என்றாலும், இளகிய நிலை, இறுகிய நிலை என்ற இரண்டும் அதற்கும் உண்டு. ரொம்ப இளகினால் கசியும், ரொம்ப இறுகினால் மடைகள் வேலை செய்யாது. இந்த நடுநிலையை மாற்றும் சக்தி உலோக அயனிகளுக்கு இருக்கிறது. அயனி என்றால் வேறொன்றுமில்லை, உப்பு தண்ணீரில் கரையும்போது மின்னேற்றத்தோடு தனித்தனியாகப் பிரியும் துகள்.

1960களில் இங்கிலாந்தில் அலெக் பேங்கம் என்பவர் முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த லெசித்தினைத் தண்ணீரில் ஊறவிட்டபோது, அந்தக் கொழுப்பு தானாகவே குட்டிக் குட்டிப் பைகளாக மூடிக்கொள்வதைக் கண்டார். லைப்போசோம் என்று அதற்குப் பெயர். செல்லின் மற்ற உறுப்புகள் எதுவும் இல்லாமல் சவ்வை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு, எந்த உலோகம் அதை என்ன செய்கிறது என்று பார்க்கும் வழி அதோடு கிடைத்தது.

கட்டுகிறது கால்சியம், பிரிக்கிறது சோடியம்

சவ்வுக் கொழுப்பின் தலைகளில் பாஸ்பேட் இருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. ஒரே ஏற்றம் என்பதால் அவை ஒன்றையொன்று தள்ளும். கால்சியம் அயனிக்கு இரண்டு நேர்மின்னேற்றம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தலைகளையும் அது சேர்த்துப் பிடிக்கும். தலைகள் நெருங்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் விலகும், வால்கள் ஒழுங்காக அடுங்கும். சூடு குறையாமலேயே சவ்வு கொஞ்சம் இறுகும், கசிவு குறையும். சோடியம் அயனிக்கு ஒரே ஒரு ஏற்றம்தான். அது தலையில் ஒட்டினாலும் இரண்டைச் சேர்த்துக் கட்ட அதனால் முடியாது.

களர், உவர் நிலத்தின் கதையில் முக்கியமான பாகம் இதுதான். மண்ணில் சோடியம் மிகுந்தால், வேர்ச் செல்லின் சவ்வில் இருக்கும் கால்சியத்தை அது தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பருத்தி வேரில் இது நடப்பதை கிரேமர், லாய்க்லி, பொலிட்டோ மூவரும் 1985-இல் காட்டினார்கள். கட்டு அவிழ்ந்த சவ்வு வழியாக உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியேறும், வெளியே இருக்கும் சோடியம் உள்ளே நுழையும். அதற்கும் முன்னால் 1969-இல் லாஹே, எப்ஸ்டீன் இருவரும் உப்புத் தண்ணீரில் வளர்த்த அவரை வகைச் செடிக்குப் போதுமான கால்சியம் கொடுத்துப் பார்த்தார்கள். அதே உப்பை அந்தச் செடி தாங்கிக்கொண்டது.

களர் நிலத்துக்கு ஜிப்சம் போடுங்கள் என்று சொல்லும்போது மண் கட்டமைப்பு சரியாகும், வடிகால் கிடைக்கும் என்று மட்டும் சொல்கிறோம். அது சரிதான். கூடவே வேரின் சவ்வைக் கட்டிக் காப்பதும் அதே கால்சியம்தான். 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த நாகப்பட்டினம் வயல்களில் ஜிப்சமும் தக்கைப்பூண்டும் நல்ல தண்ணீரும் சேர்ந்துதான் மண்ணை மீட்டன. ஜிப்சம் சோடியத்தைப் பிடுங்கி எடுக்கும், தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போகும், மடக்கி உழுத தக்கைப்பூண்டு மண்ணுக்கு உயிர் கொடுக்கும். இதில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் அரை வேலைதான் செய்யும்.

தக்காளியில் பழத்தின் அடி கருத்து அழுகுவதும் கால்சியம் சேதிதான். பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும், பழத்தின் நுனிக்குப் போய்ச் சேராது. கால்சியம் தண்ணீரோடு மட்டுமே மேலே ஏறும். ஒரு வாரம் காயவிட்டு மறு வாரம் குளமாகப் பாய்ச்சினால், வேகமாக வளரும் பழ நுனியின் செல்களுக்குப் பங்கு கிடைக்காமல் போய்விடும். அங்கே சவ்வு கசிந்து, செல் சரிந்து, கருக்கும். அதைப் பூஞ்சை என்று நினைத்துக்கொண்டு மருந்து தேடுகிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அதற்கு வைத்தியம் மூடாக்கும் சீரான பாசனமும்.

வேர்க்கடலைக்கு ஜிப்சம் போட்டு மண் அணைப்பதும் இந்தக் காரணத்தால்தான். மண்ணுக்குள் இறங்கிய விழுதும் காயும் தங்களுக்கு வேண்டிய கால்சியத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக எடுத்துக்கொள்கின்றன. வேர் எடுத்துக் கொடுக்கும் என்று காத்திருக்க முடியாது.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிய பூசணித் துண்டு மிட்டாய் செய்யும்போது குழையாமல் நிற்கும். அது செல்லின் சுவரில் இருக்கும் பெக்டினை கால்சியம் இறுக்குவதால். சுவர் வேறு, அதற்கு உள்ளே இருக்கும் சவ்வு வேறு. கால்சியம் இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது.

இறுக்கிக் கொல்லும் அலுமினியம்

இறுக்குவது நல்லது என்றால் எல்லா உலோகமும் இறுக்கட்டுமே என்று கேட்கலாம். அதற்கு எல்லை இருக்கிறது. புளிப்பு மண்ணில், அதாவது கார அமில நிலை ஐந்துக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டால், மண்ணில் பிணைந்து கிடக்கும் அலுமினியம் கரைந்து வெளியே வரும். அதற்கு மூன்று ஏற்றம். சவ்வுக் கொழுப்பின் தலையை கால்சியத்தைவிடப் பல நூறு மடங்கு அதிகப் பிடிப்போடு பற்றும். சவ்வு விறைத்துப்போகும், வேர் நுனி வளர்ச்சி நின்றுவிடும். நீலகிரி போன்ற மலை மண்ணிலும் செம்புறை மண்ணிலும் காய்கறி போடுகிறவர்கள் டோலமைட்டோ சுண்ணாம்போ போடாமல் எரு மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தால் வேர் குட்டையாக நிற்பதற்கு இது ஒரு காரணம்.

துத்தநாகம் வேறு மாதிரி. அது குறைந்தால்தான் கேடு. துத்தநாகம் போதாத செடியின் வேரிலிருந்து பொட்டாசியமும் சர்க்கரையும் அமினோ அமிலமும் கசியும். வேர் அழுகல் கிருமிகளுக்கு அது விருந்து. நெல்லில் வரும் கைரா நோயைப் பல காலம் கிருமி நோய் என்றே நினைத்தார்கள். அது துத்தநாகக் குறைவு என்று 1966-இல் பந்த்நகரில் நெனே கண்டுபிடித்தார். மண் பரிசோதனையில் குறைவு என்று வந்தால் துத்தநாகம் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம். பரிசோதனை செய்யாமல் வருஷா வருஷம் போடுவதுதான் தவறு.

தாமிரம் செய்யும் வேலை

இப்போது தாமிரத்துக்கு வருவோம். பழைய கடலை எண்ணெயில் சிக்கு வாடை வரும், காறிப்போயிற்று என்போம். காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் எண்ணெய் மூலக்கூறை உடைப்பதால் வருவது அது. எண்ணெயில் துளி தாமிரம் கலந்துவிட்டால் சீக்கிரம் காறும். தாமிர அயனி ஒரு ஏற்றத்துக்கும் இரண்டு ஏற்றத்துக்கும் மாறி மாறிப் போகும். ஒவ்வொரு முறை மாறும்போதும் மூர்க்கமான ஆக்ஸிஜன் துகள்கள் பிறக்க வழி செய்யும். சவ்வின் எண்ணெய் வால்களை அவை கடித்துக் குதறும். சுருக்கமாகச் சொன்னால், செல்லின் வரப்பு உயிரோடு இருக்கும்போதே காறிப்போகிறது. கால்சியமும் துத்தநாகமும் இப்படி மாறாது என்பதால் அவை இந்த வேலையைச் செய்வதில்லை.

பூஞ்சை விதை தாமிரத்தை உறிஞ்சியதும் சவ்வு மட்டுமல்ல, அதன் நொதிகளும் கெடும். ஒரே நேரத்தில் பல இடத்தில் அடி விழுவதால்தான் நூற்றாண்டு கடந்தும் பூஞ்சைகள் இதற்கு எளிதில் பழகிக்கொள்ளவில்லை. செப்புப் பானைத் தண்ணீரில் கிருமி குறைவதும் இதே தாமிர அயனியால்.

போர்டோ கலவையின் பிறப்பு நமக்குத் தெரிந்த கதை. பிரான்ஸ் நாட்டில் போர்டோ பகுதியில், சாலையோரத் திராட்சையைத் திருடித் தின்னாமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததை 1882-இல் மிலார்டே கவனித்தார். 1885-இல் முறையாக வெளியிட்டார். அதில் சுண்ணாம்புக்கு முக்கிய வேலை இருக்கிறது. வெறும் மயில்துத்தக் கரைசல் இலையையே கருக்கிவிடும், ஏனென்றால் இலைக்கும் அதே சவ்வுதான். சுண்ணாம்பு சேர்ந்தால் தாமிரம் கரையாத வடிவில் இலைமேல் படிந்து, கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் வெளியே வரும். பளபளப்பான கத்தியைக் கலவையில் நனைத்துப் பார்த்து, அதில் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று நாம் சொல்வது, கட்டற்ற தாமிரம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைதான்.

நம்மில் சிலர் செப்புப் பாத்திரத்தில் பல நாள் புளிக்கவைத்த மோரைத் தெளிக்கிறார்கள். அது வேலை செய்யும். மோரின் புளிப்பு பாத்திரத்திலிருந்து தாமிரத்தைக் கரைத்துக் கொண்டுவருகிறது. ஆனால் அதை இயற்கை என்றும் மயில்துத்தத்தை ரசாயனம் என்றும் பிரித்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சவ்வுக்கு அந்தப் பேதம் தெரியாது. பாட்டி வீட்டுச் செம்பிலிருந்து வந்ததா, கடைப் பொட்டலத்திலிருந்து வந்ததா என்று பார்த்துவிட்டு அயனி வேலை செய்வதில்லை. மண்புழுவின் சவ்வும், வேர் முடிச்சுக் கிருமியின் சவ்வும், பூஞ்சையின் சவ்வும் ஒரே தத்துவத்தில் அமைந்தவைதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஒரு சதவீத போர்டோ கலவை என்றால் 100 லிட்டருக்கு 1 கிலோ மயில்துத்தம். மயில்துத்தத்தில் நாலில் ஒரு பங்குதான் தாமிரம், அதாவது 250 கிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு தெளிப்புக்கு அரை கிலோ தாமிரம். வருஷம் மூன்று தெளிப்பு என்றால் ஒன்றரை கிலோ.

ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஒரு ஹெக்டேருக்கு ஏழு வருஷத்தில் 28 கிலோ என்று தாமிரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது. சராசரியாக ஹெக்டேருக்கு வருஷம் 4 கிலோ, நம்ம ஏக்கர் கணக்கில் சுமார் 1.6 கிலோ. ஆக, மூன்று தெளிப்பிலேயே அந்த வரம்பின் விளிம்புக்கு வந்துவிடுகிறோம்.

இதையே இருபது வருஷம் செய்தால் ஏக்கருக்கு 30 கிலோ. ஒரு ஏக்கரின் மேல்மண், அரை அடி ஆழத்துக்கு, சுமார் 9 லட்சம் கிலோ எடை. ஒரு கிலோ மண்ணுக்கு ஏறத்தாழ 33 மில்லிகிராம் தாமிரம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். ஐரோப்பாவில் மேல்மண்ணின் சராசரித் தாமிரம் கிலோவுக்கு சுமார் 17 மில்லிகிராம், திராட்சைத் தோட்டங்களில் சுமார் 49. நாம் மேலே போட்ட கூட்டல் கணக்கும் அந்த இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றாக வருவதைப் பாருங்கள்.

இதோடு வெளியிலிருந்து வரும் எருவையும் சேர்க்க வேண்டும். பெரிய பண்ணைகளில் கோழி, பன்றித் தீவனத்தில் தாமிரமும் துத்தநாகமும் சேர்ப்பது வழக்கம். தின்றதில் பெரும் பகுதி எச்சத்தில் வெளியே வரும். நகரக் கழிவு உரத்திலும் உலோகம் இருக்கும். இங்கிலாந்தில் உபர்ன் என்ற இடத்தில் 1942 முதல் 1961 வரை சாக்கடைக் கசடு போட்ட வயல்களில், நிறுத்திப் பல வருஷம் கழித்தும், வெள்ளைக் குளோவர் செடியின் வேர் முடிச்சுக் கிருமிகள் தழைச்சத்தைப் பிடிக்கும் திறனை இழந்திருந்தன. அங்கே தாமிரத்தோடு துத்தநாகமும் காட்மியமும் சேர்ந்திருந்தன. உலோகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் வாய்தா கொடுத்து வெளியே அனுப்ப முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

பாக்குத் தோட்டக்காரரும் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக்காரரும் வெற்றிலைக் கொடிக்காரரும் இதைப் படித்துவிட்டு என் மேல் கோபப்படலாம். "மழைக் காலத்தில் போர்டோ அடிக்காவிட்டால் காய் மொத்தமும் கொட்டிப்போகும், உங்களுக்கென்ன, நீங்கள் ஓய்வூதியம் வாங்குறவர்" என்று கேட்பது நியாயம்தான். போர்டோவைத் தடை செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு அதற்குச் சமமான மாற்று அந்தப் பயிர்களுக்கு நம் கையில் இல்லை. கடைசி மருந்தாக இருக்க வேண்டியதை முதல் மருந்தாக ஆக்கிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். வெண்டைக்கும் கத்தரிக்கும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டேங்க் அடித்துவிட்டுப் போகிற பழக்கத்துக்கு நியாயம் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு தாமிரப் பேரேடு. தேதி, வயல், எத்தனை லிட்டர், எத்தனை கிராம் தாமிரம். மயில்துத்தத்தின் எடையை நாலால் வகுத்தால் போதும். வேறு தாமிர மருந்தாக இருந்தால் உறையிலேயே தாமிர சதவீதம் போட்டிருக்கும். வருஷ முடிவில் கூட்டி, ஏக்கருக்கு எவ்வளவு என்று எழுதி வையுங்கள். சான்றிதழுக்கு ஆய்வாளர் வரும்போது காட்டுவதற்காக மட்டும் அல்ல, நிலத்தை வாங்கப் போகும் பிள்ளைகளுக்காக.

இரண்டாவது, பூஞ்சை மருந்துக்குப் போகுமுன் கால்சியத்தையும் தண்ணீரையும் பாருங்கள். கட்டு விடாத சவ்வு உள்ள செடி சர்க்கரையைக் கசியவிடாது, கசியாத இலையில் கிருமிக்குத் தீனி குறைவு. காற்றோட்டம், கவாத்து, வடிகால் எல்லாம் இதோடு சேர்ந்தது.

மூன்றாவது, மட்கும் சுண்ணாம்பும். மண்ணில் இருக்கும் தாமிரம் முழுவதும் கடிப்பதில்லை, மண் நீரில் கட்டற்று அலையும் அயனிதான் கடிக்கும். மட்கு அதை இறுகப் பிடித்து வைக்கும். புளிப்பு மண்ணில் பிடி தளரும். ஏற்கெனவே தாமிரம் ஏறிய தோட்டத்தில் மண் புளிக்காமல் பார்த்துக்கொண்டு மட்கைக் கூட்டுவது அபாயத்தைக் குறைக்கும். ஆனால் பிடித்து வைத்தது அங்கேயேதான் இருக்கிறது, கணக்கு குறையவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

நான்காவது, நம்ம இயக்கம் அரசிடம் கேட்க வேண்டியது. மண்வள அட்டையில் பார்க்கும் 12 அம்சங்களில் தாமிரமும் துத்தநாகமும் இருக்கின்றன. பயிருக்குப் போதுமா போதாதா என்று சொல்லத்தான் அந்த அட்டை பயன்படுகிறது. வெகுகாலம் தாமிரம் தெளித்த பாக்கு, திராட்சை, காபித் தோட்டங்களில் மொத்தத் தாமிரத்தையும் அளந்து, மிகுதி என்றால் மிகுதி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விலைக்கு விற்கும் கோழி எருவுக்கும் நகர உரத்துக்கும் உலோக அளவு அச்சிட்ட சீட்டு இருக்க வேண்டும். இதை ஒரு தீர்மானமாகவே அடுத்த மாநாட்டில் கொண்டுவரலாம் என்பது என் யோசனை.

பூச்சிக்கொல்லியை எதிர்த்து நாம் பேசும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவில் அது செய்யும் கேட்டைத்தான் சொல்கிறோம். அந்த அளவுகோலை நம்ம பட்டியலில் இருக்கும் பொருளுக்கும் வைக்காவிட்டால் நம்ம பேச்சுக்கு மதிப்பு இருக்காது. இந்த ஆடிப் பட்டத்துக்கு விதை எடுக்கும்போதே ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கி வையுங்கள். முதல் பக்கத்தில் "தாமிரம்" என்று தலைப்பு எழுதி, போன வருஷம் அடித்ததை ஞாபகத்திலிருந்தாவது முதல் வரியில் எழுதுங்கள்.